கார்பெட்டுக்கு மேல் ஒரு சுவர்

ஏப்ரல் 20, சனி

பேஸ்மென்டில் ஒரு வாசிப்பறை கட்டத் தீர்மானித்திருக்கிறேன். தீர்மானித்தது மலர். நான் வழிமொழிந்தேன்.

நடந்ததை நடந்தபடி குறித்துவைப்பது நல்லது. காலையில் என் மனைவி ரஞ்சிதமலர் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே, "நான் மேலை தனிய இருக்கப்போறன். நீங்கள் கீழை இருங்கோ" என்றாள். அடைமழை பற்றிச் சொல்லும் குரல்.

விவாகரத்தா என்று கேட்டேன்.

"சீ, இந்த வயசிலை ஆர் கோட்டுப்படி ஏறுறது? கலியாணவீடு, செத்தவீடு எல்லாத்துக்கும் சேர்ந்துதான் போவம். வீட்டுக்குள்ளைதான் தனி."

காரணம் கேட்டேன். நான் காரணம் கேட்டுப் பழகியவன். ஸ்காபரோவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் சேத மதிப்பீட்டாளராக வேலைசெய்து ஓய்வுபெற்றவன். தண்ணீர் புகுந்த பேஸ்மென்டுகளைப் போய்ப் பார்த்து, அது திடீர்ச் சேதமா, மெதுவாக ஏற்பட்ட சேதமா என்று எழுதிக்கொடுப்பது என் தொழில். திடீர்ச் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்கும். மெதுவான சேதத்துக்கு வீட்டுக்காரர்தான் பொறுப்பு.

"திடீரெண்டு ஒண்டும் நடக்கேல்லை" என்றாள் மலர். "கொஞ்சம் கொஞ்சமா நடந்தது."

பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நீங்கள் ரிட்டயர் பண்ணின நாளிலை இருந்து எனக்குப் பின்னாலை நிண்டு பாக்கிறியள். ஒருத்தரும் பாராமல் ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடிக்கவேணும் எனக்கு. அவ்வளவுதான்."

தேயிலையை அவள் போதிய நேரம் ஊறவிடுவதில்லை என்பது உண்மை. இன்று அதைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

பேஸ்மென்டை அளந்தேன். பழுப்பு நிறக் கார்பெட், சுவரிலிருந்து சுவர்வரை. நல்ல நிலையில் இருக்கிறது.

ஊருக்கு என்ன சொல்வது என்று பேசினோம். குறட்டை என்பது மலரின் யோசனை. நான் குறட்டை விடுவதில்லை. வாசிப்பறை என்பது என் யோசனை. "என்னத்தையாவது சொல்லுங்கோ" என்றாள். ஆகவே வாசிப்பறை ஏகமனதாக நிறைவேறியது.

உடன்படிக்கையின் மற்றப் பகுதி: சாப்பாடு கீழே வரும், கருத்து மேலே போகக்கூடாது.

பழைய புலவர்கள் ஊடலுக்கு மருதத்தையும் பிரிவுக்குப் பாலையையும் ஒதுக்கிவைத்தார்கள். நில அளவைக்காரர்போல ஒழுங்கான மனிதர்கள். ஆனால் அவர்களுடைய ஐந்து நிலங்களில் ஒன்றுகூட நிலத்துக்குக் கீழே இல்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

பலகைச் சுவர் அடிக்கும் சீலன் வந்து பார்த்தார். இந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பாதிப் பேஸ்மென்ட் அவர் அடித்தது. மீதிப் பாதியையும் தான்தான் அடித்ததாகச் சொல்லிக்கொள்வார். காதில் எப்போதும் ஒரு தொலைபேசிக் கருவி. "அதை உடைச்சு எறியுங்கோ" என்று அவர் சொன்னபோது என்னிடமா, காதில் இருப்பவரிடமா என்று விசாரிக்கவேண்டியிருந்தது.

"அண்ணை, சுவர் வாற கோட்டிலை கார்பெட்டை வெட்டி எடுத்துப்போட்டு, அடிச்சட்டத்தை நேரை கொங்கிரீட்டிலை வைச்சு இறுக்கவேணும். அதுதான் முறை."

"வெட்டவேண்டாம்."

"வெட்டாட்டி?"

"மேலேயே வையும்."

"கார்பெட்டுக்கு மேலையோ?" சீலன் காதுக் கருவியைக் கழற்றினார். அவர் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. "அண்ணை, கீழை இருக்கிறது பஞ்சு. சுவர் வள்ளம் மாதிரி ஆடும். ஒருக்கா நனைஞ்சா சட்டத்துக்கு அடியிலை பூஞ்சணம் பிடிக்கும். உங்களுக்கு நான் சொல்லவேணுமே? நான் அடிச்ச எத்தினை பேஸ்மென்டை நீங்கள் வந்து பிழை எண்டு எழுதினனீங்கள்!"

எழுதியிருக்கிறேன். கார்பெட்டுக்கு மேல் நிறுத்திய சுவரைக் கண்டால் 'தகுதியற்ற கட்டுமானம்' என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போடுவேன்.

"தெரியும். வெட்டவேண்டாம்."

"ஏன் அண்ணை?"

"நல்ல கார்பெட்."

சீலன் குனிந்து அதைத் தடவினார். ஒரு நூல் கையோடு வந்தது. அதை மரியாதையாகக் கீழே வைத்தார்.

முடிவானது இதுதான். மேலே கூரை வளைகளில் மட்டும் திருகாணி. கீழே அடிச்சட்டம் கார்பெட்டை அழுத்திக்கொண்டு சும்மா நிற்கும். கழற்றினால் தரையில் ஒரு துளையும் இருக்காது. சட்டம் அழுத்திய தடம் சில வாரம் தெரியும். வக்கும் கிளீனர் பிடித்தால் எழும்பிவிடும். கார்பெட்டின் குணம் அது.

"இது சுவர் இல்லை அண்ணை" என்றார் சீலன், கருவியை மீண்டும் காதில் மாட்டிக்கொண்டு. "நாடகத்துக்குக் கட்டுற மறைப்பு."

ஏப்ரல் 27, சனி

வேலை தொடங்கியது. உடனே நின்றது. சனிக்கிழமை காலையில் இராகு காலம் என்பதை மலர் பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டு, அது கழியும்வரை மரத்தில் வாள் வைக்கக்கூடாது என்று மேலிருந்து அறிவித்தாள். புருசனைத் தனியே வைக்கும் சுவருக்கும் நல்ல நேரம் வேண்டுமா என்று கேட்கலாம். நான் கேட்கவில்லை. கருத்து மேலே போகக்கூடாது.

சீலனும் நானும் கடைசிப் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம்.

"அண்ணை, கோவிக்காதையுங்கோ. வாசிப்பறைதானே?"

"ஓம்."

"இல்லை, நான் கனக்க வாசிப்பறை அடிச்சிருக்கிறன். உடற்பயிற்சி அறை எண்டும் அடிச்சிருக்கிறன். ஒராள் சாமியறை எண்டு சொன்னவர். கடைசியிலை சாமி மேலையே இருந்தது, அவர்தான் கீழை வந்தவர்."

நான் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாடகைக்கு விடுறவை கார்பெட்டைப் பற்றிக் கதைக்கிறேல்லை அண்ணை. வெட்டு எண்டுவினம். இந்த வாசிப்பறைக்காரர்தான் வெட்டாதை, வெட்டாதை எண்டு நிக்கிறது. எல்லாரும் நல்ல கார்பெட் எண்டுதான் சொல்லுறவை."

"பிறகு?"

"என்ன பிறகு?"

"அந்தச் சுவர்களுக்கு என்ன நடந்தது?"

சீலன் கோப்பையைச் சுழற்றி அடியில் இருந்ததையும் குடித்தார். "சிலதைக் கழட்டினனான். சிலதைப் பிறகு வெட்டி இறுக்கினனான்."

எது அதிகம் என்று கேட்க வாயெடுத்தேன். இராகு காலம் முடிந்துவிட்டது.

மே 4, சனி

கதவு வந்தது. பூட்டு உள்பக்கமா வெளிப்பக்கமா என்று சீலன் சத்தமாகக் கேட்டார். அவர் எதையும் சத்தமாகத்தான் கேட்பார்.

"பூட்டு ஒண்டும் வேண்டாம்" என்று மேலிருந்து பதில் வந்தது. "அவரென்ன கள்ளனே?"

மே 5, ஞாயிறு

சுவர் நிற்கிறது.

மே 7, செவ்வாய்

சுவர் கொஞ்சம் ஆடுகிறது. கையால் தள்ளினால் மட்டும். மேலே மலர் நடந்தாலும் ஆடுகிறது.

அடிச்சட்டம் கார்பெட்டுக்குள் ஒரு பக்கம் கூடுதலாக அமிழ்ந்துவிட்டது. அதனால் கதவுநிலை சரிந்து, கதவு தன்பாட்டில் திறக்கிறது. அவள் சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போனால் ஒரு சாண் அளவு திறக்கும். திரும்பி வந்தால் இன்னொரு சாண். அவள் எங்கே நிற்கிறாள் என்பதைக் கதவைப் பார்த்தே சொல்லலாம்.

சீலன் தொலைபேசியில் தானாகவே கேட்டார்: "கதவு சரியா மூடுதோ அண்ணை? இல்லாட்டி வந்து செதுக்கித் தாறன்."

அவசரமில்லை என்றேன்.

மே 11, சனி

புத்தகங்களைக் கீழே இறக்கினேன். வாசிப்பறை என்று சொன்னபிறகு வேறு வழியில்லை.

ஒட்டாவாவிலிருந்து மகள் ஆரணி அழைத்தாள்.

"அப்பா, அம்மா எல்லாம் சொன்னவ. நீங்கள் ஓகேயா?"

"கார்பெட் நல்லாயிருக்கு" என்றேன்.

"நான் கார்பெட்டைக் கேக்கேல்லை அப்பா."

"சுவரும் நிக்குது."

பிறகு, "அம்மாட்டை ஒருக்கா மன்னிப்புக் கேட்டா என்ன குறைஞ்சுபோகும்?" என்றாள். எதற்கு என்று கேட்டேன். குற்றச்சாட்டு எதுவென்று தெரியாமல் மறுமொழி எழுதமுடியாது. "அப்பா!" என்றாள். அவளுடைய குழந்தை எங்கோ எதையோ விழுத்தியது. வைத்துவிட்டாள்.

மலர் எனக்கு ஒரு ரைஸ் குக்கர் வாங்கி வந்திருக்கிறாள். சின்னது. அவள் கலியாணவீடுகளுக்குப் போகும் நாட்களுக்காம். இருவரும் சேர்ந்துதானே போவோம் என்று கேட்டேன். "எல்லாத்துக்குமே?" என்றாள். பெட்டியில் ஒரு மனிதன் ஒற்றைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். அவனுக்கு என்ன நடந்ததோ.

மே 16, வியாழன்

பால் காய்ச்சினோம்.

இது மலரின் பிடிவாதம். ஆனி மாதம் பிறந்தால் குடிபுகக்கூடாது, அதற்கு முதல் பால் காய்ச்சவேண்டும் என்றாள்.

"வாசிப்பறைக்கு ஆராவது பால் காய்ச்சுறவையே?"

"மனிசர் படுக்கிற இடம். காய்ச்சத்தான் வேணும்."

காலையில் குத்துவிளக்கு, பிள்ளையார் படம், நிறைகுடம், ஒற்றை மின்னடுப்பு எல்லாம் படியிறங்கி வந்தன. கடைசியாகப் புதிய பானை. வீட்டில் ஏழெட்டுப் பானை இருக்கும்போது புதிதாக எதற்கு என்றேன்.

"புது வீட்டுக்குப் புதுப் பானை" என்றாள்.

மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தாள். மற்றவர்கள் வீட்டுக் குடிபூரலுக்கு உடுத்துவது. என்னை வேட்டி கட்டச் சொன்னாள். பிள்ளையாருக்கு முன்னால் நான் வலப்பக்கமும் அவள் இடப்பக்கமுமாக நின்றோம். ஒருவரை ஒருவர் பிரிந்து குடியேறுவதற்கும் தம்பதியாக நின்றுதான் பால் காய்ச்சவேண்டியிருக்கிறது. சாத்திரம் எழுதியவர்களுக்கு இப்படியொரு தேவை வரும் என்று தெரியாமல் போயிற்று.

சின்ன முக்காலியில் அடுப்பு, அடுப்பில் பானை. மின்னடுப்பு மெதுவான சாதனம். இருவரும் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பானை விளிம்புவரை பால் நிறைந்திருந்ததையும், முக்காலி சுவருக்கு மிக அருகில் இருந்ததையும், அடுப்பின் சூடு முழு அளவில் இருந்ததையும் கவனித்தேன். சொல்லவில்லை.

பால் எழும்பியது.

"கிழக்காலை வழியுது!" என்று மலர் கத்தினாள். "பாருங்கோ, பாருங்கோ, நேர் கிழக்கு!"

கிழக்கில்தான் சுவர். பால் முக்காலியிலிருந்து கார்பெட்டுக்கு இறங்கி, கார்பெட் வழியாக அடிச்சட்டத்துக்குக் கீழே போய்விட்டது. கொங்கிரீட்டில் இறுக்கிய சட்டமாக இருந்தால் அதோடு நின்றிருக்கும். நான் துணி எடுக்கக் குனிந்தேன்.

"துடையாதையுங்கோ! வழிஞ்சது கொஞ்ச நேரம் கிடக்கட்டும். சுபம்."

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். துடைக்கவிடாமல் தடுப்பதற்காக. பால் முழுவதும் ஊறி முடியும்வரை பிடித்திருந்தாள். முகம் அந்தக் காலத்து முகமாக இருந்தது. புதிய வீட்டில் பால் வழிந்தால் எந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் இருக்கும்போலும்.

பிறகு கையை விட்டுவிட்டு, "ஒவ்வொரு வாய் குடியுங்கோ" என்று கிண்ணத்தில் வார்த்தாள். குடித்தோம். விளக்கை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

மதிப்பீடு: திடீர்ச் சேதம்தான். ஆனால் எதிர்பாராதது என்று சொல்லமுடியாது.

இன்றிலிருந்து கீழே.

மே 20, திங்கள்

தண்ணீர் காயும். பால் காயாது. துறையில் இருந்தவர்களுக்கு இது தெரியும்.

மே 23, வியாழன்

மணம் தொடங்கிவிட்டது. காலையில் மோர். மத்தியானம் மோரைத் தாண்டிப் போகிறது. மாலையில் அதற்குத் தமிழில் பெயர் இல்லை. இருந்தாலும் அதை வைத்தவர் எழுதிவைத்திருக்கமாட்டார்.

மலருக்குச் சொல்லவில்லை. சொன்னால் அது கருத்து. அறை இருக்கத் தகுதியற்றது என்று அவளாகவே கண்டுகொண்டால், அது கண்டுபிடிப்பு. கதவு எப்படியும் திறந்துதான் கிடக்கிறது.

காற்றோட்டத்துக்காகப் படிக்கட்டின் அடியில் ஒரு மின்விசிறி வைத்தேன். அது மேலே பார்த்தபடி இருக்கிறது.

மே 26, ஞாயிறு

மேலே சாம்பிராணி போடுகிறாள்.

மே 29, புதன்

இன்றும் சாம்பிராணி. இன்று கூடுதலாக. புகை படிக்கட்டில் பாதிதூரம் இறங்கி, என் மின்விசிறியைச் சந்தித்து, திரும்பிப் போனது.

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கீழே வந்தன. படியின் தலைப்பில் தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. அவளும் எதையோ எதிர்பார்த்து ஒரு கணம் நின்றாள். பிறகு தட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். குழம்பில் புளி சரியாக இருந்தது. கருத்து மேலே போகக்கூடாது என்பது நல்ல கருத்தையும் சேர்த்துத்தானா என்று உடன்படிக்கையில் தெளிவில்லை.

ஜூன் 1, சனி

பழைய சிநேகிதர் பரமலிங்கமும் மனைவியும் மகளின் கலியாணத்துக்குச் சொல்ல வந்தார்கள். கனடாவில் எல்லாவற்றையும் தொலைபேசியில் செய்யும் எங்கள் ஆட்கள், கலியாண அழைப்பை மட்டும் கையில் கொடுக்காவிட்டால் வராமல் விட்டுவிடுவார்கள்.

மேலே குரல் கேட்டது. மலர் படியின் தலைப்பில் வந்து, தாழ்ந்த குரலில், "இஞ்சேருங்கோ, ஆக்கள் வந்திருக்கினம். பக்கக் கதவாலை போய் முன்னாலை வாங்கோ" என்றாள். ஒரு கடைப்பையையும் எறிந்தாள். அதற்குள் அவள் ஏற்கெனவே ஒரு பாணை வைத்திருந்தாள். தயார்நிலையில் இருக்கும் பெண்.

நான் வீட்டைச் சுற்றிப் போய், மணியடித்து, கடைக்குப் போய் வந்தவன்போல என் வீட்டுக்குள் பாணோடு நுழைந்தேன்.

"வாங்கோ குகதாசன், உங்களைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறம்" என்றார் பரமலிங்கம். மலர் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சோபாவில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பல நாளாகிவிட்டது. அழைப்பிதழை இருவரும் சேர்ந்து இரு கைகளால் வாங்கினோம். உறையில் 'திரு, திருமதி' என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தது. அச்சகத்துக்கு எங்கள் ஏற்பாடு தெரியாது.

பரமலிங்கத்தின் மனைவி மூக்கைச் சுருக்கினாள். "மலர், பால் திரைஞ்சு போச்சுதோ?"

"அது... கீழை" என்றாள் மலர்.

"கீழை பாலோ?"

"இவர் வாசிப்பறை ஒண்டு கட்டினவர். அதிலை."

புத்தகங்களுக்குப் பால் எதற்கு என்று அந்த அம்மா கேட்கவில்லை. பரமலிங்கம்தான் கேட்டார், வேறொன்றை. "சீலனே அடிச்சது? எவ்வளவு நாள் எடுத்தவன்? நானும் ஒண்டு அடிக்கலாமெண்டு யோசிக்கிறன்."

"எதுக்கு?" என்றேன்.

"சும்மா. வாசிக்கத்தான்."

"இவர் பேப்பரே வாசிக்கிறேல்லை" என்றாள் மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டு.

யாரும் சிரிக்கவில்லை. மலர் பலகாரத் தட்டை நகர்த்தினாள்.

அவர்கள் போனபிறகு அவள் படியிறங்கி வந்தாள். பால் காய்ச்சிய நாளுக்குப் பிறகு இப்போதுதான் வருகிறாள். மின்விசிறியைப் பார்த்தாள். அது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்பதையும் பார்த்தாள். அறைக்குள் தலையை நீட்டி, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இதுக்குள்ளை எப்பிடிப் படுக்கிறியள்?"

"பழகிட்டுது."

"என்னைப் பழிவாங்குறியளோ, உங்களைப் பழிவாங்குறியளோ?"

பதில் சொல்லுமுன் சீலனுக்கு அழைப்பெடுத்துவிட்டாள்.

ஜூன் 8, சனி

சீலன் சுவரைக் கழற்றினார். மேலே இருந்த திருகாணிகளை எடுத்ததும் அது ஒரு எதிர்ப்பும் இல்லாமல் அவர் தோளில் சாய்ந்தது. அடிச்சட்டத்தைப் புரட்டிக் காட்டினார். அடியில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். கார்பெட் மஞ்சளாகிக் கட்டிபட்டிருந்தது. கத்தியால் கீறிச் சுருட்டி எடுத்தார். கீழே கொங்கிரீட் தெரிந்தது. இந்த வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் அதை இன்றுதான் பார்க்கிறேன்.

மலர் படியில் நின்றாள். சீலன் துளைகருவியைக் கையில் எடுத்தார், ஆனால் மின்சாரத்தில் மாட்டவில்லை. காதுக் கருவியையும் கழற்றி மேசையில் வைத்தார். இரண்டாம் தடவை.

"அண்ணை, அக்கா, ரெண்டு பேரும் இஞ்ச நிக்கேக்கையே கேட்டுப்போடுறன். திருப்பி நிப்பாட்டுறதெண்டா இந்தமுறை கொங்கிரீட்டிலைதான். துளை போட்டா போட்டதுதான். அடைச்சாலும் தெரியும். இல்லை, வேண்டாமெண்டா இப்பிடியே விட்டிட்டு, ஒரு துண்டுக் கார்பெட் ஒட்டிப்போட்டு நான் வீட்டை போறன்."

நான் தொண்டையைச் செருமினேன்.

"சேதமான பகுதியை அகற்றினபிறகு," என்றேன், "சுவரைத் திரும்பவும் எழுப்பவேணும் எண்டு ஒரு கட்டாயமும் இல்லை. கட்டுமான ரீதியாப் பார்த்தா, அது இல்லாமலே இந்த இடம்..."

"நான் கருத்துக் கேக்கேல்லை" என்றாள் மலர்.

குரலில் கோபம் இல்லை. இரண்டு படி இறங்கி வந்தாள்.

"உங்களுக்கு என்ன வேணுமெண்டு சொல்லுங்கோ. ஒருக்கா. கட்டுமானமில்லாமல், கார்பெட்டில்லாமல். உங்களுக்கு. நான் கேக்கிறன்."

சீலன் திரும்பிச் சுவரில்லாத பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் இப்படி நிற்பது முதல்தடவையாக இருக்காது.

என்ன வேண்டும் என்பதை நான் நன்றாக அறிந்திருந்தேன். அது ஒரு சின்ன வாக்கியம். எழுவாய், பயனிலை எல்லாம் தயாராக இருந்தன. அவள் காத்திருந்தாள். நிறைய நேரம் காத்திருந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். சமையலறையில் ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டது. அதை நிறுத்தக்கூடப் போகவில்லை.

"கார்பெட்டை இவ்வளவு அகலமா வெட்டத் தேவையில்லை" என்றேன்.

மலர் தலையை ஆட்டினாள். எனக்கல்ல, தனக்கு.

"இறுக்குங்கோ தம்பி" என்றாள்.

சீலன் துளைகருவியை மின்சாரத்தில் மாட்டினார். அவள் திரும்பி மேலே போக ஒரு காலை வைத்தாள். அப்படியே நின்றாள்.

"பொறுங்கோ. இந்த இடத்திலை வேண்டாம். அங்காலை தள்ளிப் போடுங்கோ, அந்தக் கோடியிலை இருக்கிற சன்னல் இவரின்ரை பக்கம் வாற மாதிரி."

"அக்கா, அப்ப அந்தப் பக்கத்துக் கார்பெட்டையும் வெட்டவேணும்."

"வெட்டுங்கோ. இனி இருக்கப்போற இடம். வெளிச்சம் வேணும்."

அடுப்பை நிறுத்த மேலே ஓடினாள்.

கொங்கிரீட்டைத் துளைக்கும் சத்தம் வீடு முழுவதும் கேட்கும் என்று சீலன் முன்கூட்டியே சொன்னார். சொன்னது சரி. நான் மட்டப்பலகையைப் பிடித்துக் கொடுத்தேன். குமிழி நடுவில் நின்றது. வேலை மிக ஒழுங்கானது. அறிக்கை எழுதச் சொன்னால் ஒரு குறையும் எழுதமுடியாது.

ஜூன் 9, ஞாயிறு

கதவு மூடினால் மூடியபடி இருக்கிறது. மேலே யார் எங்கே நடக்கிறார்கள் என்று தெரியவில்லை.

ஜூன் 12, புதன்

சன்னல் சிறியது. கூரையோடு ஒட்டி இருக்கிறது. வெளியே நிலமட்டத்தில் வரும். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தால் புல்லின் நுனி, வேலியின் அடி, அதற்குமேல் ஒரு துண்டு வானம். வெளிச்சம் மேசையில் விழுகிறது. வாசிக்கக்கூடப் போதும்.

காலையில் இரண்டு கால்கள் வந்து நின்றன. நீல இறப்பர்ச் செருப்பு. பிறகு குழாயின் நுனி. பிறகு அவள் குந்தினாள், முகம் தெரிந்தது. பழைய கடை விளம்பரத் தாள் ஒன்றைக் கசக்கி நனைத்து, சன்னல் கண்ணாடியை வெளியிலிருந்து துடைக்கத் தொடங்கினாள். அது பல வருட அழுக்கு. அந்தச் சன்னலை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

நான் கதிரையில் ஏறி நின்றேன். ஏன் என்று தெரியவில்லை. ஒருவர் வெளியே துடைக்கும்போது உள்ளே சும்மா இருப்பது சரியாகப்படவில்லை. கையில் கிடைத்த துவாயால் நானும் துடைத்தேன். கண்ணாடியின் இரண்டு பக்கத்திலும் எங்கள் கைகள் ஒரே வட்டத்தில் போய்வந்தன. சத்தம் கேட்காத கண்ணாடி. அவள் ஏதோ சொன்னாள்; வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

ஓரிடத்தில் ஒரு கறை மிச்சமிருந்தது. அவள் விரலால் அதைத் தட்டிக் காட்டினாள். அது வெளியில் இருக்கிறது, உம்முடைய பக்கம், என்று நான் சைகை செய்தேன். அவள் தலையாட்டி மறுத்து, தன் பக்கத்தைத் திரும்பவும் அழுத்தித் துடைத்துக் காட்டினாள். கறை அப்படியே இருந்தது. திரும்பவும் தட்டினாள். நான் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வந்துவிட்டது.

இன்னொன்றைக் காட்டினாள். அதுவும் என் பக்கம்.

மூன்றாவது ஒன்று இருக்கிறதா என்று நானே கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துத் தேடினேன். மூலையில் ஒன்று இருந்தது. அதைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் தக்காளிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டாள்.